பிரெஞ்சு நூலாசிரியர் பிளோபேர்

தாம் எழுதியதனைப் பிறர் குறை கூறக் கேட்டு முகஞ் சுளியாதார் உலகில் மிகச் சிலரே. யாம் அச்சிலருள் ஒருவர் அல்லோம். சென்ற ஆண்டு பெரிதும் முயன்று யாத்த வெண்பாக்கள் பத்தினை எம் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினோம். அவர் அவற்றுள் எட்டினைச் சிவப்பு மையால் அடித்து, எஞ்சிய இரண்டின் அருகே வினாக்குறியிட்டுத் திருப்பித் தந்தார். அன்று முதல் ஒரு திங்களளவும் அவர் வரும் தாழ்வாரத்தில் யாம் கால் வைத்தோமில்லை. பின்னர்க் கல்லூரி நூல்நிலையத்தில் பிளோபேரின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தபொழுது, எட்டு வெண்பாக்களுக்காக யாம் கொண்டாடிய துக்கம் எத்துணைச் சிறிதென்பது விளங்கி நாணினோம். அச்சரித்திரத்தில் எம் உள்ளத்தைத் தொட்ட பகுதிகளையே ஈண்டு எழுதத் துணிந்தோம். முழுவதும் எழுதப் புகின் இம்மலர் இடங்கொடாது.

குஸ்தாவ் பிளோபேர், பிரான்ஸ் தேசத்தின் வடபால் நார்மண்டி நாட்டைச் சேர்ந்த ரூவான் நகரில் 1821-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் அந்நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் தலைமை ரணவைத்தியராக விளங்கியவர். குடும்பம் வைத்தியசாலைக் கட்டடத்திலேயே வாழ்ந்தமையால், சிறுவராகிய பிளோபேரும் அவர் தங்கையும் தோட்டத்துக் கொடிப்பந்தலைப் பற்றி ஏறிப் பிணங்களை அறுத்துச் சோதிக்கும் அறையை எட்டிப் பார்ப்பது வழக்கம். பிற்காலத்தில் மக்கள் உள்ளத்தைக் கூறுகூறாக அறுத்துக் காட்டிய எழுத்தாளருக்கு இஃது ஏற்ற இளமைப் பயிற்சி என்பர் சிலர். யாம் அதனைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. வைத்தியர் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் நாவல் எழுதிவிடுவதில்லை.

தந்தையாரின் விருப்பப்படி அவர் பாரிஸ் மாநகரம் சென்று சட்டம் பயின்றார். சட்டத்தில் அவருக்குச் சிறிதும் மனம் செல்லவில்லை; 1843-இல் பரீட்சையிலும் தவறினார். 1844-ஆம் ஆண்டு ஜனவரியில் வண்டியோட்டிச் சென்றபொழுது வலிப்பு நோய் கண்டு வீழ்ந்தார். அந்நோயே ஒருவகையில் அவருக்கு விடுதலையாயிற்று. சட்டப்புத்தகங்களை மூடிவிட்டு, ரூவானுக்கு அருகே ஸேன் நதிக்கரையிலுள்ள க்ருவாஸே என்னும் ஊரில், தந்தையார் வாங்கிய இல்லத்தில் அமர்ந்து எழுதத் தொடங்கினார். 1846-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் தந்தையாரும் அருமைத் தங்கையும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். தங்கை விட்டுச்சென்ற பச்சிளங் குழவியும், முதிய தாயாரும், பிளோபேருமாக அவ்வில்லம் அமைந்தது. அவர் மணஞ் செய்துகொள்ளவில்லை.

இனி யாம் சொல்லப் புகுந்த செய்திக்கு வருவோம். 1845-இல் இத்தாலி தேசத்து ஜெனோவா நகரில் ஒரு மாளிகையில் பிளோபேர் ஒரு சித்திரத்தைக் கண்டார். எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் தனித்துத் தவமிருந்த பரிசுத்த அந்தோணியாரைப் பேய்கள் பல வடிவங் கொண்டு வந்து சோதிக்கும் காட்சி அதில் தீட்டப்பெற்றிருந்தது. ஆதித் திருச்சபையின் சரித்திரம் அறிந்தார்க்கு அந்தோணியாரைப் பற்றி யாம் சொல்லவேண்டுவதில்லை. அச்சித்திரம் பிளோபேரின் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. 1848-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தோணியாரின் சோதனையைப் பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதத் தொடங்கினார். பழைய சமயங்கள், மறைந்த தேவதைகள், பண்டைக் கொள்கைகள் எல்லாவற்றையும் தேடித் தேடிப் படித்து அதில் நிறைத்தார். 1849-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ஆம் தேதி நூல் முற்றுப்பெற்றது. கைப்பிரதி 500 பக்கங்களுக்கு மேற்பட்டது. ஆசிரியருக்கு அப்பொழுது வயது 27. உலகம் தம்மை அறியச் செய்யும் நூல் இதுவே என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

அவருக்கு உயிர்த்தோழர் இருவர் இருந்தனர். ஒருவர் லூயி பூயே. ரூவான் பள்ளியில் உடன் பயின்றவர். வைத்தியம் கற்கத் தொடங்கி இடையில் விடுத்துப் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்து வயிறு வளர்த்த ஏழைக் கவிஞர். மற்றவர் மாக்ஸிம் துகாம், செல்வர், பிரயாணத்தில் வேட்கை மிக்கவர். இருவரையும் பிளோபேர் க்ருவாஸேக்கு அழைத்தார். நூல் முழுவதையும் தாமே படிப்பதென்றும், படித்து முடியும் வரையில் நண்பர் ஒரு சொல்லும் கூறலாகாதென்றும் ஏற்பாடு செய்துகொண்டார். படித்தல் தொடங்கிற்று. நண்பகல் முதல் நான்கு மணி வரையிலும், பின்னர் இரவு எட்டு மணி முதல் நள்ளிரவு வரையிலுமாக நாள்தோறும் 8 மணி நேரம். நான்கு நாட்களில் 32 மணி நேரம். நம் புலவர் அரங்கேற்றங்கள் இதனினும் நீண்டன உண்டு. ஆயின் ஆண்டு கூடியிருந்தோர் பலர். ஈண்டுக் கேட்போர் இருவரே. வாய் திறவாது, ஒருவர் முகத்தை ஒருவர் பாராது அவர்கள் இருந்த நிலையை நினைந்தால் எமக்கு இன்றும் நெஞ்சு படபடக்கின்றது. தாயார் இடையிடையே நண்பர்களைத் தனியே அழைத்து எங்ஙனம் இருக்கின்றதென்று வினவுவாராம். அவர்கள் விடை கூற அஞ்சி நின்றனராம்.

கடைசி நாள் படிப்பிற்கு முன் நண்பர் இருவரும் தனித்துக் கூடி ஆலோசித்தனர். உண்மையை மறைத்து முகமன் கூறின் நண்பரின் எழுத்து வாழ்வே பாழாகுமென்று துணிந்தனர். நள்ளிரவில் நூல் முடிந்தது. பிளோபேர் மேசையைத் தட்டி, இனி உங்கள் கருத்தை ஒளியாது சொல்லுங்கள் என்று கேட்டார். பூயே இயல்பிலேயே கூச்சமுடையவர். அவரே வாய் திறந்து, இந்நூலைத் தீயிலிட்டு இனி இதனைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம் என்று கூறினார். பிளோபேர் துள்ளியெழுந்து அலறிவிட்டார்.

அதன் பின்னர் விடியும் வரையில் வாக்குவாதம் நிகழ்ந்தது. காலை எட்டு மணிக்குத்தான் முடிந்ததென்பர். நண்பர் கூறிய குறை இது: நூலில் அழகிய பகுதிகள் உண்டு, ஆயின் எல்லாம் சொற்பெருக்கு, ஓரிடத்தும் நில்லாது உணர்ச்சி பரந்து ஓடுகின்றது, ஆசிரியருக்கு இயற்கையாயுள்ள இக்குற்றத்தை வளர்க்கும் பொருளையே அவர் தேர்ந்துகொண்டார். அவர்கள் குற்றம் கூறியதோடு நின்றிலர். தலைகால் தெரியாமல் பறக்க இடந்தராத ஒரு பொருளை, நாள்தோறும் கண்ணெதிரே நிகழும் எளிய குடும்பச் செய்தியை, மனத்தை அடக்கி எழுதிப் பார்க்குமாறும் சொல்லினர். பிளோபேர் வருந்தினார், வாதாடினார், முடிவில் இசைந்தார்.

இச்செய்தியெல்லாம் துகாம் முப்பது ஆண்டுகளுக்குப் பின், பிளோபேர் இறந்தபிறகு எழுதிய நினைவுநூலில் காணப்படுவது. எழுதியவர் தம் பெருமையையும் சிறிது கலந்திருத்தல் கூடும். மறுநாளே தோட்டத்தில் உலவுங்கால் பூயே ஒரு நாட்டு வைத்தியனுடைய மனைவியின் துயரக்கதையைச் சுட்டி அதனை எழுதச் சொன்னாரென்றும் துகாம் கூறுகின்றார். அந்த வைத்தியன் அப்பொழுது உயிரோடிருந்தமையால் ஆராய்ச்சியாளர் பலர் இதனை அப்படியே ஏற்பதில்லை. எனினும் அடி பலமாக விழுந்ததென்பதற்கு வேறு சான்று உண்டு. அவ்வாண்டு நவம்பரில் பிளோபேர் துகாமுடன் எகிப்துக்குக் கப்பலேறினார். நைல் நதியில் படகில் மிதந்து, அந்தோணியார் வாழ்ந்த அந்நாட்டையே கண்ணாரக் கண்டுகொண்டிருந்த காலத்தும், தம் நூலுக்கு நேர்ந்த கதியை நினைந்து நினைந்து புழுங்கியமையை அவர் அனுப்பிய கடிதங்கள் காட்டுகின்றன. அவ்வளவிற்கும் உடன் இருந்தவர் அந்நூலைத் தீயிலிடச் சொன்ன இருவருள் ஒருவரே. நட்பு முறியவில்லை என்பதனை எம் போன்றோர் இருமுறை படித்தல் தகும். தாழ்வாரத்தைச் சுற்றிக்கொண்டு போன எம் நடையும் உடனே நினைவிற்கு வந்தது.

1851-இல் ஊர் திரும்பிய பிளோபேர் செப்டம்பர் மாதத்தில் மதாம் பொவாரி என்னும் நாவலைத் தொடங்கினார். அஃது 1856-ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிந்தது. ஐந்தாண்டிற்குச் சிறிது குறைந்த அக்காலத்தில் அவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஒரு வாரம் முழுதும் உழைத்து ஓரிரு பக்கங்களே தேறிய வாரங்கள் உண்டு. எழுதிய வாக்கியத்தை உரக்கக் கத்திப் படிப்பார். மூச்சுத் தடுமாறுமாயின் வாக்கியம் பிழை என்பது அவர் கொள்கை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூயே ரூவானிலிருந்து வருவார். அவ்வாரம் எழுதியவற்றைப் பிளோபேர் படிப்பார். பூயே இச்சொல் மிகை, இவ்வுவமை பொருந்தாது, இப்பத்தி வேண்டா என்று சொல்லுவார். சில ஏற்கப்படும், சில வாதத்திற்குப் பின் ஏற்கப்படும், சில தள்ளப்படும். பின்னர்ப் பூயேயின் கவிதைகள் வெளிவரும். இப்பொழுது கத்தி பிளோபேரின் கையில். குறை கூறினவர் தாமும் குறை கேட்க அமர்ந்தமையே அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் இரகசியம் என்று யாம் எண்ணுகின்றோம். 1853-இல் பூயே பாரிஸுக்குக் குடியேறியபொழுது பிளோபேர் வலக்கை இழந்தவர்போல் ஆயினார்.

பிறர்க்குக் கற்பிப்பதில் பிளோபேர் எப்பொழுதும் வெற்றி பெற்றாரென்று எண்ணற்க. அவ்வாண்டுகளில் லூயிஸ் கொலே என்னும் மாது அவருக்கு நெருங்கிய தோழியாக இருந்தார். பிரெஞ்சு வித்வத் சபையில் கவிதைப் பரிசு பன்முறை பெற்றவர். அவ்வம்மையார் தம் செய்யுட்களை அனுப்பப் பிளோபேரும் பூயேயும் வரிவரியாகத் திருத்தி எழுதினர். ஒரு நூல் அதனால் மிகவும் சிறந்தது. ஆயின் 1854-இல் அடுத்த நூலைப் பிளோபேர் கண்டித்து எழுதிய கடிதம் நீளமும் கடுமையும் ஒருங்கே வாய்ந்தது. அம்மையார் பொறுக்கவில்லை. கவிதையைக் குறித்து எழுந்த மனத்தாங்கல் வேறு பல மனத்தாங்கல்களோடு சேர்ந்து, 1855-இல் உறவே அறுந்தது. குற்றம் யாருடையது? சரித்திரக்காரர் பெரும்பாலும் அம்மையாரின் செருக்கையே காரணமாக்குவர். எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. பூயேக்கு எதிரே பிளோபேர் தம் கைப்பிரதியை விரித்து வைத்தார். அம்மையாருக்கு அந்த உரிமையை அவர் அவ்வளவாகக் கொடுக்கவில்லை. ஒரு பக்கமே வெட்டும் கத்தி காயத்தையே செய்யும்.

திருத்தம் கூறுவோர் அனைவருக்கும் அவர் தலை வணங்கினார் என்றும் கொள்ளற்க. மதாம் பொவாரியை வெளியிட இசைந்த பத்திரிகைக்குத் துகாம் ஆசிரியருள் ஒருவர். நூல் நீண்டுவிட்டதென்றும், 100 பிராங்கு கொடுத்தால் தக்கவர் ஒருவரைக் கொண்டு களையெடுத்துத் தருவதாகவும் அவர் எழுதினார். பிளோபேர் அக்கடிதத்தின் பின்புறத்தில் எள்ளி ஒரு சொல் எழுதி வைத்துக்கொண்டார். கூலிக்குக் களையெடுப்பார் எவரையும் நெருங்கவிடவில்லை. ஆயினும் பத்திரிகையார் 1856-ஆம் ஆண்டு இறுதியில் நூல் பகுதி பகுதியாக வெளிவந்தபொழுது சில இடங்களை அவர் விருப்பத்திற்கு மாறாக நீக்கியே அச்சிட்டனர். அவரும் தம் மறுப்பை அப்பத்திரிகையிலேயே பொறித்தார். பூயே சொல்லத் தம் கையாலேயே அடித்த பக்கங்கள் எத்தனையோ! அஃது எழுத்து நலன் கருதிய திருத்தம். இஃது அரசாங்கத்திற்கு அஞ்சிய திருத்தம். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அவர் நன்கறிந்திருந்தார். அஞ்சியும் பயனில்லை, மதத்திற்கும் ஒழுக்கத்திற்கும் கேடு விளைத்ததாக அரசாங்கத்தார் வழக்குத் தொடர்ந்தனர். 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் தேதி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மிஷன் கல்லூரி மாணவராகிய யாம் அந்நூலைப் படிக்கலாமா என்று கேட்ட நண்பர் உளர். தவறான வழியில் சென்றவளுக்கு நேர்ந்த முடிவை அதில் கண்டபின் அவ்வழியை விரும்புவார் இரார் என்பதே எம் விடை.

பிற்கால நூல்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவோம். கார்த்தேஜ் நகரத்தைப் பற்றிய ஸலாம்போ 1862-இல் வெளிவந்தது. புகழ்பெற்ற விமரிசகர் ஸேன்ட் பவ் என்பார் குறை கூறி மூன்று கட்டுரைகள் எழுத, பிளோபேர் சான்று காட்டி நீண்ட மறுமொழி விடுத்தார். 1869-ஆம் ஆண்டு ஜூலையில் பூயே இறந்தார். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த பெருநாவலை உலகம் போற்றவில்லை. தம் எழுத்துக்குப் பேறுகாலம் பார்த்த கை போய்விட்டதென்று பிளோபேர் புலம்பினார். நாற்பத்தெட்டு வயதில் தமக்குக் குறை கூறுவார் இல்லையே என்று ஒருவர் அழுததனை யாம் வேறெங்கும் படித்ததில்லை.

இவ்விடத்திலேதான் கதை திரும்புகின்றது. பிளோபேருக்கு இளமையில் ஆல்பிரெட் என்னும் நண்பர் இருந்து 1848-இல் இறந்தார். அவருடைய தங்கை மகனே மாப்பஸான். பள்ளிப்பருவத்தில் பூயேயிடம் கவிதை காட்டித் திருத்தம் பெற்ற அவ்விளைஞர், பின்னர்ப் பாரிஸில் கடற்படை இலாகாவில் குமாஸ்தாவாக அமர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளோபேரின் பாரிஸ் இல்லத்தில் துர்கனேவ், ஸோலா முதலிய பேராசிரியர் கூடுவர். மாப்பஸானும் ஆங்கே செல்வார். பாட்டும் கதையும் நாடகமும் எழுதிக் கொண்டுவருவார். பிளோபேர் ஒன்றையும் தள்ளாது படிப்பார். அடுத்த ஞாயிறு உண்ணும்பொழுது குறைகளை எடுத்து விரிப்பார். ஏறத்தாழ ஏழாண்டு இங்ஙனம் சென்றது.

பயிற்சியும் கொடுப்பார். வாசற்படியில் அமர்ந்திருக்கும் மளிகைக்காரனையும், சுங்கான் புகைக்கும் வாயில்காப்போனையும் கண்டு வந்து, வேறெந்த மளிகைக்காரனோடும் வேறெந்தக் காவலனோடும் மயங்காதபடி எழுதுக என்பார். வாடகை வண்டியிற் பூட்டிய ஒரு குதிரை, முன்னும் பின்னும் செல்லும் ஐம்பது குதிரைகளினின்று எவ்வாறு வேறுபட்டதென்பதனை ஒரே சொல்லால் காட்டுக என்பார். மாணவர் முயல்வார், ஆசிரியர் அடிப்பார், மீண்டும் முயல்வார். அச்சிட அவசரப்படாதே என்பதும் கட்டளை. மாப்பஸான் இளைஞரன்றோ? 1875-இல் வேறொரு பெயரை இட்டு ஒரு கதையை வெளியிட்டார். அக்கதையைப் படித்தால் ஆசிரியர் ஏன் தடுத்தாரென்பது விளங்கும்.

லூயிஸ் அம்மையாரிடம் காணாத பொறுமையை இவ்விளைஞரிடம் பிளோபேர் காட்டினார். வயது முதிர்ந்தமை ஒரு காரணம். அவர் தாமும் எவ்வாறு எழுதுகின்றார், எங்கே இடறுகின்றார் என்பதனை மாணவர் கண்ணாரக் கண்டமை மற்றொரு காரணம். 1874-இல் வெளிவந்த நூல் எது தெரியுமா? பரிசுத்த அந்தோணியாரின் சோதனையே. தீயிலிடச் சொன்ன அந்நூலை அவர் எரிக்கவுமில்லை, அப்படியே அச்சிடவுமில்லை. இருமுறை புதுக்கி, பெரும்பகுதியைக் குறைத்து, இருபத்தைந்து ஆண்டிற்குப் பின் வெளியிட்டார். அதனை அறிந்த மாணவனுக்கு ஒரு கதை அடிபட்டதனால் என்ன நேர்ந்துவிடும்? 1875-இல் மருமகளின் கணவர் வியாபாரத்தில் நொடித்தபொழுது பிளோபேர் தம் செல்வத்தில் பெரும்பாகத்தைக் கொடுத்து உதவி வறியராயினார். அத்துன்பத்திடையிலும் மாணவரின் கைப்பிரதிகளைப் படிப்பதனை நிறுத்தவில்லை. அலுவலகத்தில் சலித்த அவருக்குக் கல்வி இலாகாவில் வேறு இடம் தேடித்தந்தார். படகு வலிப்பதிலும் கேளிக்கையிலும் காலம் போக்குவதனைக் கடிதங்களில் கடிந்தும் எழுதினார்.

1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாப்பஸான் பூல் த ஸ்வீப் என்னும் கதையின் அச்சுத்தாள்களை அனுப்பினார். பிரஷ்யப் போரின் காலத்தில் ரூவானிலிருந்து ஒரு வண்டியில் புறப்பட்ட பிரயாணிகளின் கதை அது. பிளோபேர் படித்தார். ஏழாண்டு சொல்லாத சொல்லை அன்று சொன்னார். இது நிலைத்து நிற்கும் நூல் என்றார். அக்கடிதத்திலேயே, வாத்தியார்த்தனமான குறிப்புகள் சில உண்டு, அவற்றையும் நோக்குக என்று சேர்க்கவும் மறந்தாரில்லை. ஏப்ரலில் கதை வெளிவந்து ஒரே நாளில் மாப்பஸானைப் புகழுடையவராக்கிற்று. மே மாதம் 8-ஆம் தேதி க்ருவாஸேயில் பிளோபேர் திடீரென்று உயிர் நீத்தார். மாணவர் விரைந்து வந்து ஆசிரியரின் உடலைக் கழுவி ஆடை அணிவித்தார்.

அதற்குப் பின் பத்தாண்டிற்குள் மாப்பஸான் எழுதிய கதைகள் ஏறத்தாழ 300, நாவல்கள் ஆறு. 1888-இல் தம் நாவலொன்றின் முன்னுரையில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நன்றியோடு நினைந்து எழுதினார். ஏழாண்டு அவர் அம்மேசையில் கொண்டுவைத்த பாட்டுக்களும் கதைகளும் நாடகமும் என்னவாயின என்பதனையும் அங்கேயே கூறுகின்றார். அவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லையாம்.